கம்பைலர் பதிப்புக்கு ஏற்ப நிரலைப் பிரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மூல நிரல் பல கம்பைலர்களில், அவற்றின் பழைய பதிப்புகளிலும் புதிய பதிப்புகளிலும் ஓட வேண்டும் என்ற பொறுப்பு உள்ளவர்களுக்காக இந்தப் பக்கம். பெரும்பாலும் சி, சி++ பற்றித்தான். மற்ற மொழிகளுக்குக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். மேக்ரோ (ஒரு மதிப்பையோ நிரல் துண்டையோ குறிக்கும் பெயர்) பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கம்பைலரே வரையறுத்துத் தரும் பெயர்களில் முன்னாலும், பல இடங்களில் பின்னாலும் அடிக்கோடுகள் வரும். தட்டச்சு செய்யும்போது கம்பைலரின் கையேட்டில் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைத் தொகுப்பு என்றால் என்ன? சாதாரண இஃப் போதாதா?

போதாது. சாதாரண இஃப் நிரல் ஓடும்போது முடிவெடுக்கிறது. அதன் இரண்டு கிளைகளும் முதலில் கம்பைல் ஆகியாக வேண்டும். பழைய கம்பைலருக்குப் புரியாத ஒரு வாக்கியம் எந்தக் கிளையில் இருந்தாலும் பிழைதான். நிபந்தனைத் தொகுப்புக்கான #இஃப், #இஃப்டெஃப், #எல்ஸ், #எண்டிஃப் ஆகியவை அதற்கு முன்பே, கம்பைலருக்கு நிரலைத் தயார்செய்து தரும் பிரீபிராசஸர் கட்டத்தில் வேலை செய்கின்றன. தேர்ந்தெடுக்கப்படாத பகுதி கம்பைலரின் இலக்கணச் சோதனைக்கே போவதில்லை. அதனால்தான் 1998-ஆம் ஆண்டின் சி++ மட்டுமே தெரிந்த கம்பைலருக்கும் 2020-ஆம் ஆண்டின் சி++ தெரிந்த கம்பைலருக்கும் ஒரே கோப்பைக் கொடுக்க முடிகிறது.

என் கம்பைலர் எது, எந்தப் பதிப்பு என்று நிரலுக்குள் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு கம்பைலரும் தன்னை அடையாளம் காட்டச் சில மேக்ரோக்களை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கிறது. ஜிஎன்யு திட்டத்தின் கம்பைலரான ஜிசிசி, ஜிஎன்யுசி என்ற மேக்ரோவில் பதிப்பின் முதல் எண்ணைத் தருகிறது. ஜிஎன்யுசி மைனர், ஜிஎன்யுசி பேட்ச்லெவல் இரண்டும் அடுத்த எண்கள். எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங்குக்கு இதே மாதிரி கிளாங் மேஜர், கிளாங் மைனர். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு (எம்எஸ்விசி) எம்எஸ்சி வெர் என்ற ஒற்றை எண்: விஷுவல் சி++ 6-இல் 1200, விஷுவல் ஸ்டுடியோ 2010-இல் 1600, 2013-இல் 1800, 2015-இல் 1900. 2017 முதல் இந்த எண் ஒரே தயாரிப்புக்குள்ளும் நகர்கிறது: 2017-க்கு 1910 முதல் 1916 வரை, 2019-க்கு 1920 முதல் 1929 வரை, 2022-க்கு 1930-இல் தொடங்குகிறது.

மொழித் தரநிலைக்குத் தனி மேக்ரோக்கள் உண்டு. சி மொழியில் எஸ்டிடிசி வெர்ஷன்: சி99-க்கு 199901, சி11-க்கு 201112, சி17-க்கு 201710, சி23-க்கு 202311. சி++ மொழியில் சிபிளஸ்பிளஸ் என்ற மேக்ரோ: 199711, 201103, 201402, 201703, 202002, 202302 என்று ஏறிக்கொண்டே போகும். ஆண்டும் மாதமும் சேர்ந்த எண் என்பதால் பெரிது சிறிது பார்ப்பது எளிது.

எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் வெற்றுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, பிரீபிராசஸரோடு நிறுத்தும் பெரிய ஈ விருப்பத்தையும், மேக்ரோக்களைக் கொட்டும் டிஎம் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், அந்தக் கம்பைலர் வரையறுத்திருக்கும் அத்தனை மேக்ரோவும் மதிப்போடு திரையில் வரும். புதிய கம்பைலர் எதைத் தொட்டாலும் முதலில் இதை ஓட்டிப் பாருங்கள். இணையத்தில் தேடுவதை விட வேகம். பதிலும் உங்கள் கணினியில் உள்ள பதிப்பைப் பற்றியதாகவே இருக்கும்.

ஜிஎன்யுசி மேக்ரோ இருந்தால் அது ஜிசிசி தானே?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் வரும் குழப்பம்தான் மிக அதிகம்.

கிளாங், ஜிசிசி-க்காக எழுதப்பட்ட நிரல்கள் தன்னிடமும் கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காக ஜிஎன்யுசி மேக்ரோவையும் வரையறுக்கிறது. மதிப்பு 4, மைனர் 2, பேட்ச்லெவல் 1. கிளாங் எவ்வளவு புதியதாக இருந்தாலும் சரி, அந்த மேக்ரோக்களை மட்டும் பார்த்தால் அது ஜிசிசி 4.2.1. இன்டெலின் பழைய கம்பைலரும் லினக்ஸில் ஜிஎன்யுசி-யை வரையறுத்தது. விண்டோஸில் எம்எஸ்விசி-க்குப் பதிலாகப் பயன்படும் கிளாங்-சிஎல் தன்னை எம்எஸ்சி வெர் மூலமும் காட்டிக்கொள்கிறது.

எனவே கேட்கும் வரிசை முக்கியம். தனித்த அடையாளம் உள்ளவர்களை முதலில் கேளுங்கள்: இன்டெல், அப்புறம் கிளாங், அதன் பிறகு ஜிசிசி, எம்எஸ்விசி. எந்த வேடமும் போடாத அசல் ஜிசிசி-யைத்தான் கடைசியில் பிடிக்க முடியும்.

இன்னொன்று. ஆப்பிள் தரும் கிளாங்கின் பதிப்பு எண்ணும் எல்எல்விஎம் வெளியிடும் கிளாங்கின் பதிப்பு எண்ணும் வேறு வேறு தொடர்கள். இரண்டுமே கிளாங் மேஜர் என்ற அதே மேக்ரோவில் வருகின்றன. ஆப்பிளுடையது என்றால் ஆப்பிள் பில்ட் வெர்ஷன் என்ற மேக்ரோவும் கூடவே இருக்கும். "கிளாங் 12-க்கு மேல்" என்று எழுதும் முன் எந்தக் கிளாங் என்று கேட்டாக வேண்டும்.

பதிப்பு எண்ணை ஒப்பிட "மேஜர் 4-க்குக் குறையாமல், மைனர் 7-க்குக் குறையாமல்" என்று எழுதினேன். ஜிசிசி 5.1-இல் தவறுகிறதே?

5.1-இல் மேஜர் 5, முதல் நிபந்தனை சரி. மைனர் 1, இரண்டாவது நிபந்தனை பொய். அதனால் 4.7-க்குப் பின்னால் வந்த கம்பைலரைப் பழையது என்று ஒதுக்கிவிடுகிறது. 4 என்ற எண் பல ஆண்டுகள் மாறாமலே இருந்ததால் இப்படி எழுதிய வரிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. 2015-இல் ஜிசிசி 4.9-இலிருந்து 5.1-க்குத் தாவியபோது வெளியே வந்தன.

சரியான வழி, மூன்று எண்களையும் ஒரே எண்ணாக்குவது: மேஜரை 10000-ஆல் பெருக்கி, மைனரை 100-ஆல் பெருக்கி, பேட்ச்லெவலையும் கூட்டுங்கள். 4.7.0 என்பது 40700, 5.1.0 என்பது 50100. ஒரே ஒப்பீட்டில் முடிந்தது. லினக்ஸில் உள்ள ஜிலிப்சி லைப்ரரியின் ஃபீச்சர்ஸ் ஹெடரில் (ஹெடர் என்பது மற்ற கோப்புகள் உள்ளே எடுத்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) ஜிஎன்யுசி ப்ரீரெக் என்ற மேக்ரோவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே மேஜரை 16 பிட் இடப்பக்கம் நகர்த்தி மைனரைக் கூட்டுகிறார்கள்.

விஷுவல் ஸ்டுடியோவில் சி++17 தேர்ந்தெடுத்த பிறகும் சிபிளஸ்பிளஸ் மேக்ரோ 199711 என்றே காட்டுகிறது. ஏன்?

அந்த எண்ணை நம்பி ஏற்கெனவே எழுதப்பட்ட ஏராளமான நிரல்கள் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அதைப் பழைய மதிப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2017-இன் 15.7 வெளியீட்டிலிருந்து, ஸெட்சி தொடரில் சிபிளஸ்பிளஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் உண்மையான மதிப்பு வரும். நீங்கள் எழுதுவது மற்றவர்கள் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் அவர்களுடைய கட்டளை வரி உங்கள் கையில் இல்லை. அப்போது எம்எஸ்விசி லாங் என்ற மேக்ரோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் மட்டும் சிபிளஸ்பிளஸ். இந்த முடிவை உங்கள் சொந்த மேக்ரோ ஒன்றில் போட்டு வைத்துவிட்டால் மீதி நிரல் இந்தப் பிரச்சினையை மறந்துவிடலாம்.

பதிப்பைக் கேட்பதை விட வசதியைக் கேட்பது நல்லது என்கிறார்களே?

நானும் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது "இது ஜிசிசி 7-ஆ?" என்பது அல்ல, "இங்கே இஃப் கான்ஸ்டெக்ஸ்பிஆர் (கம்பைல் ஆகும்போதே முடிவெடுக்கும் இஃப்) வேலை செய்யுமா?" என்பதுதான். முதல் கேள்வியைக் கேட்டு இரண்டாவதற்கு விடை ஊகிக்க, ஒவ்வொரு கம்பைலருக்கும் ஓர் அட்டவணையை நீங்களே பராமரிக்க வேண்டும். நீங்கள் கேள்விப்படாத கம்பைலர் வந்து நின்றால் அந்த அட்டவணையில் அதற்கு இடமே இருக்காது.

சி++-இல் இதற்காகவே வசதிச் சோதனை மேக்ரோக்கள் வந்தன. மொழி வசதிகளுக்கு சிபிபி என்று தொடங்கும் பெயர்கள், லைப்ரரி வசதிகளுக்கு சிபிபி லிப் என்று தொடங்கும் பெயர்கள். இஃப் கான்ஸ்டெக்ஸ்பிஆர் இருந்தால் அதற்கான மேக்ரோவின் மதிப்பு 201606. கான்ஸ்டெக்ஸ்பிஆர் மேக்ரோவின் மதிப்பு வளர்ந்துகொண்டே வரும்: சி++11-இல் 200704, சி++14-இல் 201304, சி++17-இல் 201603. அதாவது "உண்டா" என்பதோடு "எந்த அளவுக்கு உண்டு" என்பதற்கும் பதில் கிடைக்கிறது. சி++20 இவற்றைத் தரநிலைக்குள்ளேயே கொண்டுவந்தது. லைப்ரரி மேக்ரோக்களை ஒரே இடத்தில் தரும் வெர்ஷன் என்ற ஹெடரும் அதோடு வந்தது. ஜிசிசி 5 முதலே மொழி மேக்ரோக்கள் பலவும் கிடைக்கின்றன.

ஒரே இடத்தில் மட்டும் பதிப்பைக் கேட்பதுதான் முறை: கம்பைலரில் உள்ள வழுவைச் சுற்றிப்போகும்போது. வழுவுக்கு யாரும் மேக்ரோ வைத்துத் தருவதில்லை. அங்கே எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை என்று இரண்டு எல்லையும் எழுதுங்கள். பக்கத்தில் அந்த வழு என்ன என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.

ஒரு ஹெடர் இருக்கிறதா என்று கேட்கும் ஹேஸ் இன்க்ளூட் பயன்படுத்தினால் பழைய கம்பைலரில் பிழை வருகிறது. முன்னால் டிஃபைன்ட் சோதனை வைத்தும் வருகிறது!

"டிஃபைன்ட் ஹேஸ் இன்க்ளூட், அதோடு ஹேஸ் இன்க்ளூட் இந்தக் கோப்பு" என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். முதல் பாதி பொய்யானாலும் பிரீபிராசஸர் முழு வரியையும் படித்தாக வேண்டும். ஹேஸ் இன்க்ளூட் என்றால் என்னவென்றே தெரியாத கம்பைலருக்கு அது வெறும் பெயர். பின்னால் வரும் அடைப்புக்குறியும் கோப்புப் பெயரும் இலக்கணப் பிழை. இரண்டு வரிகளாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற வகையைத் தரும் ஆப்ஷனல் ஹெடருக்கு இப்படி:

#இஃப்டெஃப் ஹேஸ்_இன்க்ளூட்
#  இஃப் ஹேஸ்_இன்க்ளூட்(<ஆப்ஷனல்>)
#    இன்க்ளூட் <ஆப்ஷனல்>
#    இஃப்டெஃப் சிபிபி_லிப்_ஆப்ஷனல்
#      டிஃபைன் எங்கள்_ஆப்ஷனல்_உண்டு 1
#    எண்டிஃப்
#  எண்டிஃப்
#எண்டிஃப்
#இஃப்என்டெஃப் எங்கள்_ஆப்ஷனல்_உண்டு
#  டிஃபைன் எங்கள்_ஆப்ஷனல்_உண்டு 0
#எண்டிஃப்

நடுவில் உள்ள மூன்றாவது சோதனையைக் கவனியுங்கள். அது தேவையில்லாத எச்சரிக்கை போலத் தோன்றும். ஆனால் அதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஹேஸ் இன்க்ளூட் கேட்பது கோப்பு வட்டில் இருக்கிறதா என்பதை மட்டுமே. ஜிசிசி 7-இல் சி++14 முறையில் கம்பைல் செய்தாலும் ஆப்ஷனல் கோப்பு அந்த அடைவில் இருக்கத்தான் செய்யும். உள்ளடக்கம் மட்டும் சி++17-க்கு என்று பூட்டப்பட்டிருக்கும். கோப்பு உண்டு, வகை இல்லை. உள்ளே எடுத்த பிறகு லைப்ரரி மேக்ரோவையும் கேட்டால்தான் பதில் முழுமை.

மேக்ரோ உண்டு என்கிறது, ஹெடரும் இருக்கிறது, ஆனால் வசதி வேலை செய்யவில்லை. அப்படியும் நடக்குமா?

நடந்திருக்கிறது. ஜிசிசி 4.8-இல் உரையில் வடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸ் ஹெடர் இருந்தது, நிரல் கம்பைலும் ஆனது, ஆனால் அதன் செயலாக்கம் முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் ரெஜெக்ஸ் 4.9-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சி++11 முறையில் கம்பைல் செய்து, மேக்ரோ 201103 என்பதைப் பார்த்து ரெஜெக்ஸைப் பயன்படுத்திய நிரல்கள் ஓடும்போது தவறான விடை தந்தன, அல்லது விதிவிலக்கு எறிந்து விழுந்தன.

இந்த மாதிரி இடங்களில் பிரீபிராசஸரின் கைக்கு எட்டாத ஒன்றைக் கேட்கிறோம். அதை பில்ட் கருவியிடம் விடுங்கள். ஆட்டோகான்ஃப், சிமேக் இரண்டுமே ஒரு சின்ன நிரலைக் கம்பைல் செய்து, தேவைப்பட்டால் ஓட்டியும் பார்த்து, முடிவை ஒரு மேக்ரோவாக உங்களிடம் தரும். வேறு கணினிக்கான குறுக்குத் தொகுப்பில் ஓட்டிப் பார்க்க முடியாது, அங்கே கம்பைல் சோதனையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

கம்பைலர் பதிப்பு தெரிந்தால் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் பதிப்பும் தெரிந்தது போலத்தானே?

ஜிசிசி-யில் கிட்டத்தட்ட அப்படித்தான், கிளாங்கில் இல்லை. லினக்ஸில் கிளாங் வழக்கமாக ஜிசிசி-யோடு வரும் லிப்ஸ்டிடிசி++ லைப்ரரியையே எடுத்துக்கொள்கிறது. மிகப் புதிய கிளாங்கும் பழைய லைப்ரரியும் சேர்ந்த கணினிகள் சாதாரணமாக இருக்கும். லைப்ரரியைப் பற்றிய கேள்வியை லைப்ரரியிடம் கேளுங்கள். லிப்ஸ்டிடிசி++-க்கு ஜிசிசி 7 முதல் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் ரிலீஸ் என்ற மேக்ரோ நேராக எண்ணைத் தருகிறது. அதற்கு முன்பிருந்த ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் மேக்ரோ தருவது வெளியீட்டுத் தேதி. அதை வைத்துப் பழையது புதியது பார்க்க வேண்டாம்: 5.1 வந்த பிறகு 4.9.3 வந்தது, தேதிப்படி பார்த்தால் 4.9.3 தான் "புதியது". எல்எல்விஎம்-இன் லிப்சி++-க்கு லிப்சிபிபி வெர்ஷன். இவை எல்லாம் ஏதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெடரை உள்ளே எடுத்த பிறகுதான் தெரியவரும்.

மேக்ரோ பெயரில் ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும்?

ஒன்றுமே ஆகாது, அதுதான் ஆபத்து. #இஃப் வரியில் வரையறுக்கப்படாத பெயர் எதுவும் 0 என்று எடுத்துக்கொள்ளப்படும். பெயரைத் தப்பாக எழுதினாலும், வரையறுக்கும் ஹெடரை எடுக்க மறந்தாலும் நிபந்தனை சத்தமில்லாமல் பொய்யாகி, பழைய கம்பைலருக்கான கிளை எல்லா இடத்திலும் ஓடும். நிரல் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் டபிள்யூஅன்டெஃப் என்ற எச்சரிக்கை இதைப் பிடிக்கும். வால், எக்ஸ்ட்ரா என்ற வழக்கமான எச்சரிக்கைத் தொகுப்புகளில் அது சேர்ந்து வருவதில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எம்எஸ்விசி-யில் இதற்கு இணையானது சி4668. அதுவும் தானாக இயங்காது.

இதிலிருந்து ஒரு பழக்கம் கிடைக்கிறது. உங்கள் சொந்த மேக்ரோக்களை "வரையறுத்திருக்கிறதா இல்லையா" என்று விடாதீர்கள். எப்போதும் 0 அல்லது 1 என்று மதிப்புக் கொடுத்து, #இஃப்டெஃப் இல்லாமல் #இஃப் மூலம் கேளுங்கள். மேலே உள்ள துண்டின் கடைசி மூன்று வரிகள் அதற்குத்தான். எழுத்துப்பிழை வந்தால் எச்சரிக்கை வரும். #இஃப்டெஃப் என்றால் எந்த எச்சரிக்கையும் வராது.

இந்தச் சோதனைகளை நிரலில் எங்கே வைப்பது?

ஒரே ஹெடரில். பயன்படுத்தும் இடங்களில் பரப்பாதீர்கள். கம்பைலர் எண்கள் அந்த ஒரு கோப்பைத் தாண்டி எங்கும் தெரியக்கூடாது.

இதை ஓர் உதாரணத்தில் நெருங்கிப் பார்க்கலாம். எஸ்என்பிரிண்ட்எஃப், குறிப்பிட்ட அளவு இடத்துக்குள் சரத்தை எழுதும், சி99-இல் வந்த செயல்கூறு. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது முறைப்படி வந்தது விஷுவல் ஸ்டுடியோ 2015-இல், அதாவது எம்எஸ்சி வெர் 1900-இல். அதற்கு முன் முன்னால் ஓர் அடிக்கோடு போட்ட இன்னொரு செயல்கூறுதான் இருந்தது. பலரும் செய்தது இது: 1900-க்குக் குறைவு என்றால் எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற பெயரை அடிக்கோட்டுப் பெயராக மாற்று என்று ஒரு #டிஃபைன். சிலர் 1900 என்ற எல்லையைக் கூடப் போடாமல் "எம்எஸ்விசி என்றால்" என்று மட்டும் எழுதினார்கள்.

இதில் இரண்டு கோளாறு. முதலாவது, அந்த இரண்டு செயல்கூறுகளும் ஒன்றல்ல. சி99-இன் எஸ்என்பிரிண்ட்எஃப் இடம் போதாவிட்டாலும் கடைசியில் சுழிய எழுத்தை வைத்து முடிக்கும். முழுதாக எழுதியிருந்தால் எவ்வளவு நீளம் வந்திருக்கும் என்பதைத் திருப்பித் தரும். அடிக்கோட்டுக்காரர் இடம் போதாவிட்டால் சுழிய எழுத்தை வைப்பதில்லை, எதிர்ம எண்ணைத் திருப்பித் தருவார். சரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்த செயல்கூறு நினைவகத்தில் தாண்டி ஓடும். இது வெறும் வழு அல்ல, பாதுகாப்பு ஓட்டை. இரண்டாவது, எல்லை போடாத #டிஃபைன் 2015 பதிப்புக்கு வந்ததும் பில்டையே நிறுத்திவிடும். அந்தப் பதிப்பின் எஸ்டிடிஐஓ ஹெடர், இந்தப் பெயரில் மேக்ரோ இருப்பதைக் கண்டால் #எரர் போட்டு மறுத்துவிடுகிறது.

சரியான தீர்வு, உங்கள் பெயரில் ஒரு செயல்கூறு. மேலே சொன்ன அந்த ஒரே ஹெடரில் அதன் அறிவிப்பு மட்டும் இருக்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல். ஒரே ஒரு சி கோப்பில் அதன் உடல்: 1900-க்குக் கீழே உள்ள எம்எஸ்விசி என்றால், வெட்டி எழுதச் சொல்லும் ட்ரங்கேட் மதிப்போடு விஎஸ்என்பிரிண்ட்எஃப்-எஸ் என்ற பாதுகாப்பான வடிவத்தை அழைத்து, இடம் போதவில்லை என்று -1 வந்தால் விஎஸ்சிபிரிண்ட்எஃப் மூலம் முழு நீளத்தைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும். மற்ற எல்லா இடத்திலும் நேராக ஸ்டாண்டர்டு செயல்கூறு. மாறும் அளபுருக்களின் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டியிருப்பதால் விஏ ஸ்டார்ட்டையும் இரண்டு முறை அழையுங்கள்; விஏ காப்பி எம்எஸ்விசி-யில் 2013-இல்தான் வந்தது.

இப்போது அந்தச் செயல்கூறை அழைக்கும் நூறு இடங்களில் ஒன்றுக்குக் கூட எம்எஸ்விசி என்று ஒரு கம்பைலர் இருப்பதே தெரியாது. லினக்ஸ் கெர்னலின் எழுத்து நடை வழிகாட்டியும் இதையே கேட்கிறது: நிபந்தனைகளை சி கோப்புகளுக்குள் முடிந்தவரை கொண்டுவராதீர்கள், ஹெடரில் மாற்றுச் செயல்கூறாக வைத்துவிட்டு நிபந்தனையின்றி அழையுங்கள்.

பொது ஹெடரில், ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்புகளையே மேக்ரோவால் மாற்றலாமா?

செய்யவே செய்யாதீர்கள். லைப்ரரியை சி++14-இல் கம்பைல் செய்து, அதைப் பயன்படுத்துபவர் சி++17-இல் கம்பைல் செய்தால், ஒரே பெயருள்ள ஸ்ட்ரக்டுக்கு இரண்டு அளவுகள். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒரு வார்த்தை பேசாது. நிரல் ஓடும்போது ஓர் உறுப்பை எழுதினால் இன்னொன்று மாறும். இன்லைன் செயல்கூறின் உடலை மாற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. வேறுபாடு கட்டாயம் என்றால் லைப்ரரியைப் பில்ட் செய்யும்போது ஒரு முறை முடிவெடுத்து, அந்த முடிவை எழுதி வைத்த ஹெடரையும் சேர்த்து நிறுவுங்கள். பயன்படுத்துபவரின் கம்பைலரிடம் மறுபடி கேட்கக்கூடாது.

தவிர்க்கப்பட்ட பகுதிக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

கிட்டத்தட்ட. அங்கேயும் பிரீபிராசஸர் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டுதான் போகிறது, உள்ளே வரும் #இஃப், #எண்டிஃப் கணக்கைப் பார்க்க வேண்டுமே. தனித்து நிற்கும் ஒற்றை மேற்கோள்குறி எச்சரிக்கை கிளப்பும். உரையை மறைக்க #இஃப் 0 பயன்படுத்துபவர்கள் இதில்தான் தடுக்குகிறார்கள்.

சி23, சி++23 இரண்டும் #எலிஃப்டெஃப் என்ற சுருக்கத்தைக் கொண்டுவந்தன. பழைய கம்பைலர்களையும் ஆதரிக்கும் கோப்பில் இதைத் தொடாதீர்கள். முந்தைய கிளை தவிர்க்கப்படும்போது, அந்தச் சொல் தெரியாத பழைய கம்பைலர் அதையும் தவிர்க்கும் பகுதியின் ஒரு வரியாகவே நினைத்துத் தாண்டிப் போய்விடும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது, கிளையும் கிடைக்காது. #எலிஃப் டிஃபைன்ட் என்று கொஞ்சம் நீட்டி எழுதுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தெரியாத கம்பைலர் வந்தால் #எரர் போட்டு நிறுத்தலாமா?

குறைந்தபட்சப் பதிப்புக்குக் கீழே என்றால் நிறுத்துங்கள்; "சி++14 தேவை" என்ற ஒரு வரி, நூற்றுக்கணக்கான டெம்ப்ளேட் பிழைகளை விடத் தெளிவு. மேல் பக்கம் மட்டும் கதவை அடைக்காதீர்கள். அடுத்த ஆண்டு வரும் கம்பைலரில் உங்கள் நிரல் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். தெரியாத எண் என்பதற்காக மறுப்பது பயனருக்குச் செய்யும் அநியாயம். இயல்பான கிளை எப்போதும் புதிய, தரநிலைப்படியான வழியாக இருக்கட்டும். பழையவைதான் விதிவிலக்கு.

எல்லாக் கிளைகளையும் எப்படிச் சோதிப்பது?

ஆதரிப்பதாகச் சொல்லும் மிகப் பழைய பதிப்பு, மிகப் புதிய பதிப்பு இரண்டையும் தானியங்கிப் பில்டில் கட்டாயம் வையுங்கள். நடுவில், நடத்தை மாறும் எல்லைகளில் ஒவ்வொன்று. கன்டெய்னர்கள் இருப்பதால் பழைய ஜிசிசி-யை வைத்திருப்பது இப்போது சிரமமில்லை. கம்பைல் ஆகாத கிளை சில மாதங்களிலேயே கெட்டுப்போகும், யாரோ ஒரு மாறியின் பெயரை மாற்றியிருப்பார்கள். சோதிக்க வழியில்லாத பதிப்பை ஆதரிப்பதாக ஆவணத்தில் எழுத வேண்டாம்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. உங்கள் 0/1 மேக்ரோக்களைக் கட்டளை வரியிலிருந்து மாற்ற இடம் கொடுங்கள். புதிய கம்பைலரிலேயே எல்லாவற்றையும் 0 ஆக்கிப் பில்ட் செய்தால் மாற்றுக் கிளைகள் பெரும்பாலும் சோதனைக்குள் வந்துவிடும்.

மற்ற மொழிகளில் எப்படி?

டெல்ஃபியில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு குறியீடு உண்டு. டெல்ஃபி 7-க்கு வெர்150. அது அந்த ஒரு வெளியீட்டில் மட்டுமே உண்மை என்பதால், பட்டியலை ஒவ்வொரு முறையும் நீட்ட வேண்டியிருக்கும். டெல்ஃபி 6 முதல் உள்ள $இஃப் கட்டளையோடு கம்பைலர்வெர்ஷன் என்ற மாறிலியை ஒப்பிடுங்கள்: யூனிகோட் சரங்கள் வந்த டெல்ஃபி 2009-க்கு அது 20. ஃப்ரீ பாஸ்கலில் எஃப்பிசி ஃபுல்வெர்ஷன்; 3.2.0-க்கு 30200.

கோ மொழி கோப்பு அளவில் பிரிக்கிறது. கோப்பின் தலையில் கோ:பில்ட் வரியில் கோ1.18 என்று எழுதினால் 1.18-இலும் அதற்குப் பிந்தைய எல்லாவற்றிலும் அந்தக் கோப்பு சேரும். ஒரு செயல்கூறுக்குள் பாதி வரிகள் இந்தப் பதிப்புக்கு, பாதி வரிகள் அந்தப் பதிப்புக்கு என்று சிதற வழியே இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த ஏற்பாடு. சி-யிலும் கோப்புகளைப் பிரித்து, எது சேர வேண்டும் என்பதைப் பில்ட் கருவியிடம் விட்டு இதையே செய்யலாம்.

ஸ்விஃப்டில் இரண்டு கேள்விகள் தனித்தனி: #இஃப் ஸ்விஃப்ட் மொழி முறையைக் கேட்கிறது, #இஃப் கம்பைலர் கருவியின் பதிப்பைக் கேட்கிறது. புதிய கம்பைலரைப் பழைய மொழி முறையில் ஓட்டும்போது இரண்டுக்கும் வேறு வேறு விடை வரும். சி#-இல் நெட்6_0_ஆர்_கிரேட்டர் போன்ற குறியீடுகளைப் பில்ட் கருவியே தருகிறது. ரஸ்டில் பில்ட் ஸ்கிரிப்ட் பதிப்பைச் சோதித்து நிபந்தனைத் தொகுப்புக்கான ஒரு சிஎஃப்ஜி கொடியைக் கொடுக்கும். குறைந்தபட்சப் பதிப்பை கார்கோ கோப்பில் ரஸ்ட்-வெர்ஷன் புலத்தில் அறிவிக்கலாம். ஜாவாவில் பிரீபிராசஸர் இல்லை. ஜாவா 9 முதல் ஒரே ஜார் கோப்பில் பதிப்புவாரியாக வகுப்புகளை அடுக்கலாம்.

பழைய கம்பைலருக்கான கிளையை எப்போது நீக்குவது?

குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்தும் அன்றே. லினக்ஸ் கெர்னல் 2021-இல் 5.15 வெளியீட்டில் ஜிசிசி-யின் குறைந்தபட்சப் பதிப்பை 5.1 ஆக உயர்த்தியது. அத்தனை பெரிய திட்டமே பழையதை உதறும்போது, எட்டு பேர் பராமரிக்கும் லைப்ரரி தயங்க வேண்டியதில்லை.

கையால் நீக்காதீர்கள், #எல்ஸ் எது, #எண்டிஃப் எது என்று கண் குழம்பும். யுனிஃப்டெஃப் என்ற கருவிக்கு "இந்த மேக்ரோ இனி எப்போதும் 1" என்று சொன்னால், செத்த கிளைகளையும் அவற்றின் நிபந்தனை வரிகளையும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும். உங்கள் சொந்த 0/1 மேக்ரோக்களை மட்டும் பயன்படுத்தியிருந்தால் ஒரு மேக்ரோவுக்கு ஒரு கட்டளை போதும். இந்த நீக்கத்தை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள். நீக்குவதற்கு முன்னும் பின்னும் அதே கம்பைலரில், அதே விருப்பங்களோடு பிரீபிராசஸர் வெளியீட்டை எடுத்து, வரி எண் குறிப்புகளையும் வெற்று வரிகளையும் தள்ளிவிட்டு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வரி மாறியிருந்தாலும் எங்கோ ஒரு நிபந்தனை நீங்கள் நினைத்தபடி இல்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு கமிட் செய்யுங்கள்.